உளுந்துமேல் இரண்டாவது கியர்

வேகமாகப் போக எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது பிறவிக் குணம். பேச்சு வேகம், நடை வேகம், கோபம் எல்லாவற்றையும்விட வேகம். குக்கரில் ஆவி அடங்கும்வரை நான் காத்திருந்ததே கிடையாது. கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிவிட்டு, அது உஸ்ஸென்று சீறும்போதே அடுத்த அடுப்பில் தாளிக்கப் போய்விடுவேன். எங்கள் அடுக்களைச் சுவரில் பருப்புத் தண்ணீர் தெறித்த புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. வெள்ளையடிக்க வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஐம்பதை நெருங்கும் வயதில், ஓடுகிற காரை மெதுவாக்குவது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

அப்போது கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு எட்டு. மார்கழி பிறந்த சமயம் பதவி உயர்வு வந்தது. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். பள்ளி இருந்த இடம்தான் சிக்கல். எட்டயபுரம் தாண்டி, நாகலாபுரமும் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு சின்னக் கிராமம். ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் தினமும் போய்வந்தால் என் இடுப்பு மாசிக்குள் முடிந்துவிடும். மினி பஸ் ஒன்று உண்டு. அது காலைப் பிரார்த்தனை முடிந்து, முதல் பாடவேளையும் முடிந்து, இரண்டாவதிலும் பாதி ஓடிய பிறகு சாவகாசமாக ஊருக்குள் வரும். தலைமையாசிரியரே அதில் வந்து இறங்கினால், தாமதமாக வரும் பிள்ளையை எந்த முகத்தோடு கேள்வி கேட்பது?

எங்கள் துறையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அதற்குத் துறப்பு என்று பெயர். ஏதோ காவி கட்டிக்கொண்டு மலைக்குப் போவதுபோல் இருக்கும். நான் பார்த்தவரை இந்தத் துறவிகளில் பெரும்பாலும் டீச்சர்கள்தான், சார்கள் குறைவு. பஸ் இல்லை, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. ஒரு தடவை துறந்தால் மறுபடி கூப்பிட வருஷங்கள் ஆகும். என் வயதுக்கு அது ஒரேயடியாக முடிந்தது என்றே அர்த்தம்.

என் கணவருக்குக் கடைவீதியில் மின்சாமான் கடை. வீட்டில் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு, அதை அவர்தான் ஓட்டுவார். காலையில் கடை திறக்க வேண்டும் என்பதால் தினமும் கொண்டுவந்து விட அவரால் முடியாது. செய்தியைக் கேட்டதும் சட்டினியைத் தொட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எழுதிக் குடுத்துருட்டி. இருக்க வேலைக்கு என்ன கொறச்சல்?"

"நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்? கார் சும்மாதான நிக்கி. நான் ஓட்டிட்டுப் போறேன்."

அவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டார்.

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் டீச்சர்கள் நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வாங்கியது. அங்கே பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். வளைவு வந்தால் வண்டி தானாக மெதுவாகும், மாடு வந்தால் தானாக நிற்கும். எனக்கு நன்றாக ஓட்ட வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். தேர்வுத் திடலிலும் முதல் கியரைத் தாண்ட வேண்டிய தேவை வரவில்லை. ஆக, ஒரு காரை என் காலாலும் கையாலும் மெதுவாக்கிய அனுபவம் எனக்குக் கிடையாது. அது எனக்கே தெரியாது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று நான் பொறுப்பேற்க வேண்டும். அதற்குள் கற்றாக வேண்டும் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். எட்டயபுரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை, அதுவரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

ஏற்றும்போது கியர் சொன்னபடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இரண்டு பக்கமும் கம்பும் சோளமும் ஓடின. எனக்கு ஒரே பூரிப்பு. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தேன். தூரத்தில் டீக்கடை தெரிந்தது.

"மெதுவா" என்றார் அவர்.

எப்படி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மெதுவா, மெதுவா. மூணுக்கு வா. ஏட்டி, மூணுக்கு வா."

மூன்றுக்கு வர வேண்டுமானால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். அவ்வளவு வேகத்தில் கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. டீக்கடை வந்தது, போனது. வடைத் தட்டும், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும், ஆற்றிக்கொண்டிருந்த டீயும் பக்கத்தில் வந்து பின்னால் போயின. என் கணவர் கழுத்தைத் திருப்பி, கண்ணுக்கு மறையும்வரை அந்த டீயைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் ஒரு வேகத்தடைதான் எங்களை நிறுத்தியது. அதைக் கண்டதும் பயத்தில் பிரேக்கை மட்டும் மிதித்தேன், கிளட்ச் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. வண்டி நாலாவது கியரிலேயே நடுங்கி, முன் சக்கரம் தடைக்கு அந்தப் பக்கமும் பின் சக்கரம் இந்தப் பக்கமுமாக நின்று செத்துப்போனது. கியரை எடுக்காமல் சாவியைத் திருகினேன். ஒரு குதி குதித்தது. மறுபடி திருகினேன், மறுபடி குதித்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹார்னில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"ரோடு சரியில்ல" என்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் அந்தப் பழமொழியைச் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் வைத்திருந்தார். அவர் காலடியில் கிடந்த ரப்பர் மிதியடியைப் பார்த்தேன். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அது சுருண்டு போயிருந்தது. அந்தச் சுருளைப் பார்த்ததும் எனக்கு அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார்.

அடுத்த ஞாயிறு அவர் பெரிய ரோடே வேண்டாம் என்றுவிட்டார். நாகலாபுரம் பக்கம், பள்ளிக்குப் போகிற அதே வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட ரோடு ஒன்று உண்டு. அங்கே போய்த்தான் வண்டியை என் கையில் கொடுத்தார். இடித்தாலும் உடைமரத்தைத்தான் இடிப்பாள் என்று கணக்குப் போட்டிருப்பார். ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அது உளுந்து பிடுங்கும் காலம்.

எங்கள் பக்கத்தில் தார் ரோடு போட்டது யாராக இருந்தாலும், மார்கழி, தையில் அது விவசாயம் பார்க்கும் சம்சாரிகளின் களம். பிடுங்கிய செடியைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாம் அதன்மேல் ஏறி மிதித்துக் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர் ஒதுங்கிப் போய்விடாதபடி ஓரத்தில் கல்லும் முள்ளும் வைத்திருப்பார்கள். பைக்கில் போகிறவர்கள் சறுக்கி விழுவதும் உண்டு. எனக்கு இது பிடிக்காத பழக்கம், வகுப்பில் திட்டியும் இருக்கிறேன்.

ஒரு வளைவு திரும்பியதும் ரோடு நீளத்துக்குக் காய்ந்த உளுந்துச் செடி. நான் நாலாவது கியரில். ஓரத்தில் நாலைந்து பெண்கள்.

உராய்வு என்ற பாடத்தை இருபது வருஷமாக நடத்துகிறவள் நான். வழுக்கும் பரப்பில் பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவேன். அன்றைக்கு என் கால் அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை. அழுத்திய அழுத்தில் வண்டி செடிமேல் வாழைப்பழத் தோலில் கால் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போய், சாய்வாக நின்று அணைந்தது.

செடிக்குச் சொந்தக்காரி முதலில் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. திட்டு வாங்கத் தயாராகக் கண்ணாடியை இறக்கினேன்.

"செடி மேல நிக்காதீய தாயி. வண்டிக்கு அடியில சூடு இருக்கும். சருகுல பத்திக்கிட்டா உளுந்தும் போச்சு, உங்க காரும் போச்சு."

உளுந்தைத்தான் அவர் முதலில் சொன்னார் என்பதைக் கவனித்தேன். பெண்கள் எல்லாரும் என் கணவரும் சேர்ந்து தள்ளி, வண்டியை நேராக்கினார்கள். நான் முதல் கியரைப் போட்டு, மீதிச் செடியின் மேல் ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா வண்டி போன தடத்தில் குனிந்து, செடியை ஒதுக்கிப் பார்த்தார். நெற்று வெடித்து, உளுந்து கறுப்புக் கறுப்பாக ரோட்டில் கிடந்தது.

"இது நல்லாருக்கு. வாரவன்லாம் பறக்கான். பாதி நொறுங்குது, பாதி ஓடைக்குள்ள தெறிக்கு. இந்த வண்டிதான் பதமாப் போகுது" என்றார். பிறகு என் கணவரிடம் திரும்பினார். "அண்ணாச்சி, அவியள இன்னொரு தடவ வரச் சொல்லுங்க."

என் வாகன வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அது. இறங்கி அவரிடம் விவரத்தைச் சொன்னேன். எனக்கு வண்டியை மெதுவாக்கப் பழக வேண்டும், உங்களுக்கு மெதுவாகப் போகிற வண்டி வேண்டும். அவருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. என் கணவர் கையில் ஒரு கவைக்கம்பைக் கொடுத்தார்.

"நீங்க சும்மாதான நிக்கீய. வண்டி போனதும் இதக் குடுத்துச் செடியப் புரட்டி விடுங்க."

கடைவீதியில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லும் மனிதர், இஸ்திரி போட்ட சட்டையோடு உளுந்துச் செடியைப் புரட்டினார்.

அன்று தொடங்கி, பொங்கல் விடுமுறையிலும் சேர்த்து, அதுவே எங்கள் பள்ளிக்கூடமானது. ஏற்பாடு எளிமையானது. தூரத்திலிருந்து நாலாவது கியரில் வர வேண்டும். ஒரு வேப்பமரம் வந்ததும் மூன்று. ஒரு சின்னப் பாலம் வந்ததும் இரண்டு. அதற்குப் பிறகு செடி. செடிமேல் பிரேக்கைத் தொடவே கூடாது.

நான் செய்யாத தப்பு இல்லை. இரண்டென்று நினைத்து மறுபடி நாலிலேயே போட்டு, பாலத்தின்மேல் வண்டி இருமி இருமி நின்றது. வேகம் குறையும் முன்பே இரண்டில் தள்ளி, கிளட்சைப் படக்கென்று விட்டேன். என்ஜின் கழுதைபோல் கத்தியது, பெல்ட் மட்டும் இல்லையென்றால் என் மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருக்கும். குலுங்கிக்கொண்டு ஏறினால் செடி சக்கரத்தில் சுருட்டிக்கொள்ளும். பெண்கள் "ஏ..." என்று ஒரே குரலில் இழுப்பார்கள். பள்ளி ஆய்வுக்கு வந்த எந்த அதிகாரியும் என்னை அப்படி நடுங்க வைத்ததில்லை. அந்த அம்மாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம். என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு அவர் ஒரு யோசனை சொன்னார்.

"அந்தப் பிரேக்கக் கழத்திப் போட்டுருங்க தாயி. அதான் சனியன்."

என் கணவர் வேறு மாதிரி. "முள்ளப் பாரு, முள்ளப் பாரு" என்று வேகம் காட்டும் முள்ளையே பார்க்கச் சொல்வார். முள்ளைப் பார்த்தால் மரம் தெரியாது, மரத்தைப் பார்த்தால் முள் தெரியாது.

என் தப்பு எங்கே இருந்தது என்று எனக்குப் பிடிபட்டது பொங்கலுக்கு மறுநாள். அன்று கழுத்தில் வெயில் சுட்டது, கோபப்படக்கூடத் தெம்பில்லை. வேப்பமரத்துக்கு முன்னால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடுத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தேன். என்ஜின் சத்தம் தானாக இறங்கிக்கொண்டே வந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டேன். கிளட்சை மிதித்து மூன்றில் போட்டு, காலை மெல்ல விட்டேன். வண்டிக்கு அது தெரியவே இல்லை. பாலத்துக்கு முன்னால் மறுபடி அதேமாதிரி, இரண்டு. செடிமேல் ஏறியதும் சக்கரத்துக்கு அடியில் நெற்றுகள் பொட்டுப் பொட்டென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. அத்தனை நாளும் என்ஜின் போட்ட கூச்சலில் நான் அதைக் கேட்டதே இல்லை.

அவ்வளவுதான் விஷயம். காலை எடுத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். குக்கர் அடங்கக் காத்திருப்பதுபோல. பதறாத காரியம் சிதறாது என்று என் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். உளுந்து சிதறாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது ஏறியது.

"இப்படியே சாயந்தரம்வர ஓட்டுங்க" என்றார் அந்த அம்மா. அவர் பாடு அவருக்கு.

பொறுப்பேற்பதற்கு முந்தின நாள் மாலை கடையிலிருந்து வந்த என் கணவர், சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் ஒண்ணும் கெட்டுப் போகல. எழுதிக் குடுத்துரலாம்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். இத்தனை நாள் செடி புரட்டியதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்டேன். கேட்ட வேகத்தில் இன்னொன்றும் சொல்லிவிட்டேன். "நாளைக்கு நீங்களும் வாங்க. ஒரு இடத்துல வண்டி குலுங்கட்டும், ஒரு இடத்துல அணையட்டும், அங்கனயே திருப்பிட்டு வந்து எழுதிக் குடுத்துருதேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இருபது வருஷ உழைப்பை ஒரு கிளட்சில் கொண்டுபோய் வைத்திருந்தேன். வாயிலிருந்து போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒனக்குக் கோவம் வருது. எனக்குப் பயம் வருது. காலையில நீ போயிருவ. சாயந்தரம் வாரவரைக்கும் நான் கடையில உக்காந்து என்னத்தப் பாக்க?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பயம் என்ற வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் பதவி அவருக்கு இளப்பம் என்றே நான் நினைத்திருந்தேன். எழுந்து போய்த் தோசை சுட்டேன்.

மறுநாள் கடைக்கு லீவு விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். டீக்கடைக்கு முன்னால் காலை எடுத்து, காத்திருந்து, மூன்றுக்கு இறக்கினேன். வேகத்தடைக்கு இரண்டு. எட்டயபுரத்துக்குள் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே இரண்டிலும் ஒன்றிலுமாகப் போய் வெளியே வந்தேன். பக்கத்திலிருந்து "மெதுவா" என்று ஒரு சத்தம் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

நாகலாபுரம் தாண்டியதும் செம்மறி ஆட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, நின்றது. என்ஜின் அணையவில்லை. ஆடு ஓட்டுகிறவர் கம்பை உயர்த்தி, "செத்த பொறுங்க அக்கா, ஆரன் அடிக்காதீய, கலைஞ்சிரும்" என்றார். நான் ஹார்ன் பக்கமே போகவில்லை. கடைசி ஆடு ரோட்டின் நடுவில் நின்று எதையோ யோசித்தது. அது யோசித்து முடிக்கும்வரை இருந்தேன். பழைய நானாக இருந்தால் இறங்கிப் போய்த் தள்ளியிருப்பேன்.

அப்புறம் வேப்பமரம், பாலம், செடி. துண்டு கட்டிய அம்மா தூரத்திலேயே வண்டியை அடையாளம் கண்டுகொண்டு, வா வா என்று கையைக் காட்டினார். இரண்டாவது கியரில் ஏறினேன். பொட்டுப் பொட்டென்று வெடிக்கும் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கலந்து வந்தது. அது வண்டியிலிருந்து வருகிறதோ என்று பயந்துபோய்த்தான் முதல்முறையாக அந்தப் பக்கம் பார்த்தேன்.

என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாய் பிளந்திருந்தது. தலை பெல்ட்டில் சாய்ந்திருந்தது. வலது கால் மிதியடியின் மேல், யாருடையதோ மாதிரி, தளர்ந்து நீட்டிக் கிடந்தது.

பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியதும் என்ஜின் அடங்கிய அமைதியில் விழித்துக்கொண்டார். வாயைத் துடைத்தார்.

"எட்டயபுரம் வந்துட்டா?"

"பள்ளிக்கூடமே வந்துட்டு."

அவர் பெயர்ப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். நான் உள்ளே போய்ப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டேன். பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். நான் தலைமையாசிரியர் அறையை ஒழுங்குபண்ணத் தொடங்கினேன். வெகுநேரம் கழித்து அவர் வாசலில் வந்து நின்றார்.

"மினி பஸ் வந்துட்டு. நான் அதுல போறேன். மத்தியானமாவது கடையத் தொறக்கணும்லா."

"அப்போ சாயந்தரம் நான்?"

"நீதான் ஓட்டிட்டு வரணும். வேற யாரு ஓட்டுவா?"

வாசல்வரை கூடப் போனேன். பஸ் படியில் ஏறியவர் திரும்பி, "மெதுவா வா" என்றார். ரோட்டில் அவர் ஆயிரம் தடவை அலறிய அதே வார்த்தைதான். அப்போது அது அலறலாக இல்லை. நான் தலையை ஆட்டினேன்.

மினி பஸ் டிரைவர் கதவைச் சாத்துவதற்குள் கிளப்பிவிட்டார். ஊர் எல்லை வளைவில் வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல், புழுதியைக் கிளப்பிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பினார். சன்னல் வழியே என் கணவரின் ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது. காலைப் பார்க்க முடியவில்லை. அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.